வியாபாரக் குடும்பத்தில் பிறக்காதவர் அரிசி ஆலை வைத்தால் நிற்குமா?

கேள்வி: எனக்கு வயது 37. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் 14 வருடமாக இருக்கிறேன். இப்போது பராமரிப்புப் பிரிவில் சூப்பர்வைசர். சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். அப்பாவுக்கு 4 ஏக்கர் நிலம். எங்கள் வகையறாவில் கடை கண்ணி வைத்தவர் யாருமில்லை. மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்பு கவுனி நெல்லை வாங்கி, சொந்த மில்லில் அரைத்து, பாக்கெட் போட்டு விற்க நினைக்கிறேன். மணிக்கு 1 டன் அரைக்கும் மில். மொத்தம் 50 லட்சம். என் சேமிப்பு 15, வங்கிக் கடன் 35. கட்டடத்துக்கும் மெஷினுக்கும் 44 லட்சம், நெல் வாங்க 6 லட்சம். நெல் கிலோ 40 ரூபாய்க்குக் கிடைக்கும், அரிசி சராசரியாக 90 ரூபாய்க்குப் போகும். கம்பெனி நண்பர்கள், தாம்பரத்தில் ஒரு அபார்ட்மெண்ட், இரண்டு கடைகள் என்று மாதம் 2 டன் விற்பனை உறுதி. மனைவியின் அண்ணன் கும்பகோணத்தில் ஓர் அரிசி மண்டியில் 9 வருடமாகக் கணக்கு எழுதுகிறார். 2 லட்சம் போட்டுச் சரிபாதி பங்கு கேட்கிறார். "வியாபாரம் ரத்தத்துல இருக்கணும்டா, நமக்கு ஒத்து வராது" என்கிறார் அப்பா. அது உண்மையா? மச்சானுக்குப் பாதி கொடுக்கலாமா? பொங்கலுக்குள் வேலையை விட்டுவிடலாமா?

பதில்: உங்கள் அப்பா சொல்வதில் பாதி சரி. வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள் திறக்கும் கடைகள் அதிகம் நிலைக்கின்றன. ஆனால் காரணம் ரத்தம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு, எந்த வாடிக்கையாளர் "நாளைக்குத் தரேன்" என்றால் நாளைக்கே வரும், எவர் சொன்னால் தீபாவளி தாண்டும் என்பது இருபது வயதுக்குள் தெரிந்துவிடுகிறது. அந்த உட்கார்வுதான் சொத்து.

இதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. ராபர்ட் ஃபேர்லி, அலிசியா ராப் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்கச் சிறுதொழில் உரிமையாளர்களின் விவரங்களை வைத்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தொழில் நடத்துகிற உறவினர் இருந்தார் என்பதால் மட்டும் தொழிலின் முடிவு பெரிதாக மாறவில்லை. அந்த உறவினரின் கடையில் முன்பே வேலை பார்த்திருந்தவர்களின் தொழில்தான் தெளிவாக மேலே நின்றது. குடும்பத்தில் தொழில் இருந்த உரிமையாளர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அப்படி வேலை பார்த்திருந்தார்கள். ஆக, வியாபாரி வீட்டில் பிறந்தும் கல்லாப் பக்கமே போகாதவருக்கும் உங்களுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

இன்னொன்று வயதும் அனுபவமும். அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் தரவுகளை வைத்துச் செய்த வேறோர் ஆய்வில், மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது தொடங்கும்போது 45. அதே குறுகிய துறையில் குறைந்தது 3 ஆண்டு வேலை பார்த்திருந்தவர்கள், அந்த அனுபவமே இல்லாதவர்களைவிடப் பெருவெற்றி பெறும் வாய்ப்பு 85% கூடுதல். 37 வயது பிந்திவிட்டதோ என்ற கவலையை விடுங்கள். "அதே குறுகிய துறை" என்ற சொல்லைத்தான் நீங்கள் நின்று கவனிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் தொலைக்காட்சிப் பெட்டி தயாரிக்க ஏராளமான நிறுவனங்கள் இறங்கின. நீடித்தவற்றில் முன்பே வானொலிப் பெட்டி செய்துவந்தவையே மிகுதி. அவர்களுக்கு உதிரிபாகம் தருகிறவரும் தெரியும், விற்கிற கடைக்காரரும் தெரியும்.

இதை உங்கள் திட்டத்தின் மேல் வைத்துப் பார்ப்போம். அரிசித் தொழில் மூன்று வேலை: களத்தில் நெல் பார்த்து விலை பேசி வாங்குவது, அரைப்பது, விற்றுக் காசை வசூலிப்பது. உங்கள் 14 வருடம் நடுவில் உள்ளதற்கு நன்றாகவே பொருந்தும். உமி நீக்கும் ரப்பர் ரோலின் இடைவெளி, பெல்ட், பேரிங், நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடைப்பு எல்லாம் உங்களுக்கு ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். ஏன், பழைய மில்காரர்களைவிட நீங்கள் சிறப்பாகச் செய்யக்கூடிய இடமும் ஒன்று உண்டு. மூன்று ரகத்தை ஒரே மெஷினில் ஓட்டினால், மாப்பிள்ளைச் சம்பாவுக்குப் பின் அரைத்த தூயமல்லியில் சிவப்பு அரிசி தலைகாட்டும். வெள்ளை முதலில், சிவப்பு அடுத்து, கறுப்பு கடைசி என்று வரிசை வைத்து, ரகம் மாறும்போது எலிவேட்டர் அடியையும் சல்லடையையும் காலி செய்து, எந்த லாட் எந்த விவசாயியுடையது என்று எழுதி வைக்கும் பழக்கம் தொழிற்சாலையில் வளர்ந்தவருக்கு இயல்பாக வரும். இதற்கு மதிப்பு உண்டு.

ஆனால் அரிசித் தொழிலில் பணம் போவது பெரும்பாலும் மெஷினில் இல்லை, களத்தில். 17% ஈரத்தில் 100 கிலோ நெல் வாங்கி 13%-க்குக் காய வைத்தால் 95.4 கிலோதான் மிஞ்சும். அறுவடை மெஷின் இறக்கிய கையோடு 20% ஈரத்தில் வாங்கினால் 92 கிலோ. அதாவது 40 ரூபாய் நெல் உங்கள் குடோனுக்குள் போகும்போதே 43.50 ஆகிவிட்டது. முதல் வருடம் 10 டன் வாங்குகிறீர்கள் என்று கொள்வோம். தூசு, பதர், குருணை, நிறம் பார்த்துப் பிரிக்கும் சார்ட்டரில் கழிவது போக 100 கிலோ காய்ந்த நெல்லுக்கு 60 கிலோ முழு அரிசி என்று வையுங்கள் (65 நின்றால் சந்தோஷம், கணக்கை 60-இல் போடுங்கள்). அரைவைக் கூலி, பை, வண்டி எல்லாம் அரிசி கிலோவுக்கு 12 ரூபாய். நெல் காய்ந்தே வந்திருந்தால் 6 டன் அரிசி விற்று 68,000 ரூபாய் மிஞ்சும். 20% ஈரத்தில் வந்திருந்தால் அதே 10 டன்னுக்கு மிஞ்சுவது சுமார் 30,500. பாதிக்கு மேல் வெயிலோடு போயிற்று.

ஈரப்பத மானி வாங்கினால் தீர்ந்ததே என்று நினைப்பீர்கள். மானி எண்ணைத்தான் காட்டும். பெரியப்பா மகன் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து நிற்கும்போது "19 இருக்கு, திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்று அது சொல்லாது. சொந்த ஊரில் கொள்முதல் வைக்கும் முதல் தலைமுறைக்காரர் அதிகம் அடிபடுவது இந்த இடத்தில்தான். வெளியூர் வியாபாரிக்குப் பங்காளி முகதாட்சண்யம் இல்லை, உங்களுக்கு உண்டு. அதனால் வாய்ப்பேச்சை ஒழித்துவிடுங்கள். விலையைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டுங்கள்: 13%-க்கு முழு விலை, அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் எடையில் 1.15% கழிவு, அதோடு காய வைக்கும் கூலி தனி, 17%-க்கு மேல் எடுப்பதில்லை. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலும் 17% வரம்பு வைத்திருப்பதால் அந்த எண் நம் விவசாயிக்குப் புதிதல்ல. சண்டையிருந்தால் பலகையோடு.

கலப்பையும் பாருங்கள். முந்தைய வயலில் வேறு ரகம் அறுத்துவிட்டுச் சுத்தம் செய்யாமல் வந்த மெஷின், முதல் சில மூட்டைகளில் அந்த ரகத்தைக் கொட்டிவிடும். மூட்டைகளின் நடுவிலிருந்து குத்தூசியால் 100 கிராம் எடுத்து, கையால் உமி நீக்கி, வெள்ளைத்தாளில் பரப்பி எண்ணுங்கள். மேலே கிடக்கிற நெல்லைப் பார்த்து விலை சொல்லாதீர்கள்.

அடுத்தது நேரம். குறுவைக்கு ஓடும் குறுகியகால ரகங்களைப் போல இவை இல்லை. மாப்பிள்ளைச் சம்பாவுக்கு 155 நாளுக்கு மேல் ஆகும், கவுனியும் நீண்டகாலப் பயிர். ஆக நல்ல நெல் வருடத்தில் ஒரே முறை, தை மாசியில்தான் கிடைக்கும். மாதம் 2 டன் அரிசி விற்க வருடத்துக்கு 40 டன் நெல் வேண்டும். 40 ரூபாய்க்கு 16 லட்சம். நீங்கள் ஒதுக்கியிருப்பது 6 லட்சம். அது 15 டன் நெல், 9 டன் அரிசி, நான்கரை மாதம். பிப்ரவரியில் தொடங்கினால், மேட்டூர் திறக்கிற ஜூன் நடுவில் உங்கள் குடோனில் எலி ஓடும். மீதி வருடத்துக்கு இருப்பு வைத்திருப்பவர் சொன்ன விலைக்குத்தான் வாங்கியாக வேண்டும். இதற்கிடையில் கடைக்காரர் 45 நாள் தவணை கேட்பார். முழு விற்பனையும் அப்படிப் போனால் 2.7 லட்சம் எப்போதும் வெளியே நிற்கும்.

மில்லைப் பார்ப்போம். மணிக்கு 1 டன், நாளொன்றுக்கு 8 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 200 டன் நெல் அரைக்கும். உங்களுக்கு வேண்டியது மாதம் மூன்றே கால் டன் சொச்சம். அரை நாளில் வேலை முடிந்து மெஷின் தூங்கும், வட்டி தூங்காது. 35 லட்சம் கடன், 11% வட்டி, 7 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 60,000. மாதம் 2 டன் அரிசி விற்றால் கைக்கு வருவது 1.80 லட்சம், அதற்குள் நெல் விலை 1.33 லட்சம். மீதி 47,000. கரண்ட், ஆள், பை, வண்டி எதையும் கழிக்கும் முன்பே தவணைக்கு 13,000 துண்டு விழுகிறது. இயந்திரம் தெரிந்தவர் இயந்திரத்திலிருந்து தொடங்குவது வழக்கமான சறுக்கல். கையில் உள்ள திறமை எதுவோ அதற்கே முதலில் செலவழிக்கத் தோன்றும். தெரியாத பக்கத்துக்குப் பணம் மிஞ்சாது.

மானியமும் அந்தப் பக்கமே தள்ளும். தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டம் உங்களைப் போன்ற முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்காகவே 2012-13-இல் வந்தது. முதலீட்டில் 25% மானியம், வட்டியில் 3% சலுகை என்று நல்ல திட்டம்தான். சிறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்கு 35%, அதிகபட்சம் 10 லட்சம் தரும் மத்திய அரசுத் திட்டம் 2020-இல் தொடங்கியது. இரண்டிலும் வயது, கல்வி, பங்குதாரர் விதிகளை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள், அவ்வப்போது மாறுகின்றன. ஆனால் 25% மானியம் கிடைக்கிறதே என்று, மாதத்தில் 24 நாள் சும்மா கிடக்கப்போகிற மெஷினுக்கு மீதி 75%-ஐக் கட்டுவது லாபமாகாது.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். வரும் தை அறுவடையில் 10 டன் மட்டும் வாங்குங்கள், 4 லட்சம். 13%-க்குக் கீழே காய வைத்து, தரையில் மரச்சட்டம் போட்டு, சுவரிலிருந்து விலக்கி அடுக்குங்கள். நெல்லாகவே வைத்து, மாதாமாதம் விற்கும் அளவுக்கு மட்டும் கூலிக்கு அரையுங்கள். தவிடு நீக்காத பச்சரிசியில் தவிட்டின் எண்ணெய் கெட்டு இரண்டு மூன்று மாதத்தில் சிக்குவாடை வரும், வண்டும் சீக்கிரம் விழும். அவித்துக் காய வைத்தால் கொஞ்சம் தாங்கும், நெல்லாக இருந்தால் நன்றாகத் தாங்கும். அரசுக் கொள்முதல் நெல்லை அரைக்கும் பெரிய ஆலைகள் உங்கள் 1 டன்னுக்காக ஓட்டத்தை நிறுத்தமாட்டார்கள், சிறு லாட் எடுக்கும் மில்லைத் தேடிப் பிடியுங்கள். தஞ்சாவூர் நிஃப்டெமில், அதாவது திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி வளர்ந்த மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில், புதுத் தொழில்முனைவோருக்கான பயிற்சியும் தொழில் வளர்ப்பு மையமும் இருக்கின்றன. கட்டணம் கேட்டு ஒருமுறை போய்வாருங்கள். வேலையை விடாமலே, சனி ஞாயிறிலும் மீதமிருக்கும் விடுப்பிலும் இதை நடத்தலாம்.

அந்த 6 டன் அரிசி எப்படிப் போகிறது என்பதில்தான் உங்கள் "உறுதி"யின் உண்மை தெரியும். நண்பர்கள் முதல் மாதம் முகத்துக்காக வாங்குவார்கள். ஒரு நோட்டில் வீட்டுவாரியாக எழுதுங்கள்: முதல் மாதம் வாங்கிய வீடுகளில் எத்தனை, நீங்கள் போன் செய்யாமலே மூன்றாம் மாதமும் கேட்டன? பாதிக்கு மேல் கேட்டால் சரக்கு நிற்கிறது. கால்வாசிகூட இல்லையென்றால் ரகத்தை, சமைக்கிற பக்குவத்தை, விலையைத் திருத்த வேண்டும். மாப்பிள்ளைச் சம்பாவை முந்தின இரவே ஊற வைக்காமல் குக்கரில் போட்டுவிட்டு "வேகவே இல்லை" என்று திருப்பித் தருபவர்கள் நிறையப் பேர். பையின் மேல் ஊறல் நேரம், தண்ணீர் அளவு, விசில் எண்ணிக்கை பெரிய எழுத்தில் வேண்டும்.

மச்சான் விஷயத்துக்கு வருவோம். உங்களிடம் இல்லாததில் பெரும்பகுதி அவரிடம் இருக்கலாம். "இருக்கலாம்" என்பதை முதலில் சோதியுங்கள். மண்டியில் 9 வருடம் என்பதும் மண்டிக் கணக்கு எழுதியது 9 வருடம் என்பதும் வேறு. தன் பொறுப்பில் லோடு பார்த்து விலை முடித்திருக்கிறாரா? பாக்கி வசூலுக்குத் தானே போயிருக்கிறாரா? முதலாளி இல்லாத நாளில் மண்டியைத் திறந்து மூடியிருக்கிறாரா? மூன்றில் இரண்டுக்கு ஆமாம் என்றால் அவருடைய 2 லட்சத்தைப் பார்க்காதீர்கள், ஆள்தான் மூலதனம். ஆனால் அவர் கண்டது பொன்னி, பிபிடி சரக்கைச் சிப்பமாகக் கடைக்குப் போடும் வியாபாரம். நீங்கள் செய்யப்போவது 1 கிலோ, 5 கிலோ பையாக வீட்டுக்கு விற்பது. அந்தச் சில்லறைப் பக்கம் உங்கள் இருவருக்குமே புதிது.

பங்கைச் சண்டையில்லாமல் பிரிக்க ஒரு வழி உண்டு. பங்குதாரர் ஒப்பந்தத்தில் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். போட்ட பணத்துக்கு வட்டி: 12% வரை வருமானவரிச் சட்டம் நிறுவனத்தின் செலவாக ஏற்கிறது. 15 லட்சத்துக்கு வருடம் 1.80 லட்சம், 2 லட்சத்துக்கு 24,000. செய்யும் வேலைக்குச் சம்பளம்: முழுநேரம் இருப்பவருக்கு மட்டும். நீங்கள் வேலையில் இருக்கும்வரை அவருக்கு உண்டு, உங்களுக்கு இல்லை. இவை போக மிஞ்சும் லாபத்தைச் சரிபாதியாகப் பிரித்தால் யாருக்கும் மனக்குறை வராது. நஷ்டமும் அதே சரிபாதி என்பதைச் சத்தமாகப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கொள்முதல் விலையில் அவர் சொல் கடைசி, தரத்தில் உங்கள் சொல் கடைசி, 50,000 ரூபாய்க்கு மேல் கடன் விற்பனைக்கு இருவர் கையெழுத்து. ஒருவர் விலகினால் இருப்பு நெல்லை எந்த விலையில் மதிப்பது என்பதும் வேண்டும். நிறுவனத்தைக் கூட்டாண்மைப் பதிவாளரிடம் பதிவு செய்யுங்கள். 1932 ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69 ஆம் பிரிவுப்படி, பதிவாகாத நிறுவனம் பாக்கிதாரர் மேல் வழக்குப் போட முடியாது. வங்கிக் கடன் வாங்கினால் இருவர் வீட்டுச் சொத்தும் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். இதை உங்கள் மனைவியும் மச்சான் மனைவியும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும்.

வேலையை விடுவது: பொங்கலுக்கு வேண்டாம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்கில், புதிதாகத் தொடங்கும் நிறுவனங்களில் ஐந்தில் ஒன்று ஏறத்தாழ முதல் வருடத்திலேயே போகிறது, ஐந்து வருடத்தில் பாதி. மூடியதெல்லாம் நொடித்ததால் இல்லை. 1997-இல் வந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. வெளியே நல்ல சம்பளம் கிடைக்கக்கூடியவர், ஓரளவு ஓடுகிற தொழிலைக்கூடச் சீக்கிரம் மூடிவிடுவார். போக்கிடம் இல்லாதவர் நஷ்டத்திலும் இழுத்துக்கொண்டு கிடப்பார். உங்களுக்கு இரண்டும் பொருந்தும்: கம்பெனிக்குத் திரும்பலாம் என்ற கதவு திறந்திருக்கிறது, ஊருக்கு முன்னால் மூடக்கூடாது என்ற ரோஷமும் இருக்கும். அதனால் எண்ணை இப்போதே எழுதி வையுங்கள். தொடர்ந்து 6 மாதம், நண்பர்கள் வட்டத்துக்கு வெளியே மட்டும் மாதம் 2 டன் போனால், அதுவும் மொத்தச் செலவு போகக் கிலோவுக்கு 10 ரூபாயாவது நின்றால், ராஜினாமா பற்றிப் பேசலாம். மாதம் 20,000தான் வருகிறதே என்று அப்போது கேட்பீர்கள். அது போதாது, உண்மை. மாதம் 6 டன்னுக்குப் போகும் வழி தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும். சொந்த மில்லை, மாதம் 15 டன் நெல்லுக்குக் கூலி அரைவை கொடுக்கும் நிலை வந்த பிறகு யோசியுங்கள். அப்போதும் மணிக்கு 1 டன் தேவைப்படாது.

சில்லறை விஷயங்கள் சில. உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், நிகர எடை, பொதி செய்த மாதம், அதிகபட்ச விலை இல்லாமல் ஒரு பை வெளியே போகக்கூடாது. சான்றிதழ் இல்லாமல் "ஆர்கானிக்" என்று அச்சிடாதீர்கள், "சர்க்கரை குணமாகும்" என்றும் போடாதீர்கள். 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை பொதிந்து பெயரிட்ட அரிசிக்கு 5% ஜிஎஸ்டி உண்டு. கடைகளில் 26 கிலோ மூட்டை ஏன் முளைத்தது என்று மச்சானைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார். உங்கள் 90 ரூபாயில் அந்த 5% உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று கடிதத்தில் தெரியவில்லை. உள்ளே என்றால் மேலே போட்ட கணக்கில் கிலோவுக்கு 4 ரூபாய்க்குமேல் இன்னும் குறையும். நெல் விலை பேசும் முன் அதை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள்.